யார் மேல் யார்

உப்புக்கல்லில் நூறில் ஒரு பங்கு அந்தப் படிகம்.
எண்ணெய்த் துளியோடு நைலான் வளையத்தில் ஒட்டி
நைட்ரஜன் குளிரில் விறைத்து நின்றது,
டர்பனில், கடல் தெரியாத ஒரு நிலவறையில்.

ஃபையின் மேல் படிகம்.
கப்பாவின் மேல் ஃபை, ஐம்பது பாகை சாய்ந்து.
ஒமேகாவின் மேல் கப்பா.
ஒமேகா தரையில் திருகப்பட்டது.
இதை எழுத இப்போது நான்கு வரி போதுகிறது.
அன்று பதினோரு நாள் ஆனது.

ஆறு ஓட்டம். ஓட்டத்துக்கு முன்னூற்று அறுபது படம்.
முதல் ஓட்டத்தில் கப்பா சுழியம்;
ஒமேகா மட்டும் சுற்றியது.
என் நிரல் கரும்புள்ளிகளைக் கோத்து
படிகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றது.
நம்பினேன்.
இரண்டாவதில் கப்பா அறுபது.
அதே படிகம், அதே அளவுப் பெட்டி,
ஆனால் முகம் வேறு திசையில்.
மூன்றாவதில் இன்னொரு திசை.

ஸ்பெலேலேக்கு எழுதினேன்:
படிகம் வழுக்கியிருக்கிறது,
பொருத்தும்போது அவசரப்பட்டிருப்பாய்.
குரல் செய்தி வந்தது. ஒரே சொல்.
நாக்கைப் பல்லில் சொடுக்கிச் சொல்லும்
ஜூலு 'இல்லை'.

கோப்பின் தலைப்பில் அச்சுகள் மூன்றும்
எண்களாக இருந்தன, குறிகள் சரியாக இருந்தன.
தலைப்பை நான் எளிதில் நம்புகிறவள் அல்ல.
கப்பலிலிருந்து இறங்கிய முதலியை
ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி மூட்லி என்று எழுதினான்;
கோகிலம் மூட்லி என்றுதான் என் அடையாள அட்டை.
ஆனால் இந்த முறை தலைப்பு பொய் சொல்லவில்லை.

பிறகு காலத்தின் மேல் சந்தேகம்.
எந்த மோட்டார் முதலில் திரும்பியது?
பதிவேட்டை நொடி நொடியாய்ப் படித்தேன்.
ஒமேகா, பிறகு கப்பா. ஒரு ஓட்டத்தில் கப்பா, பிறகு ஒமேகா.
இரண்டு மணி நேரம். ஒன்றும் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்கு அட்டவணை தவறாமல் மின்வெட்டு.
மடிக்கணினியில் ஒன்பது சதவீதம்.
டார்ச்சைத் தேடி எடுத்துக் கூரையில் அடித்தேன்.
சும்மா, கை ஓய்வாக.
முழங்கையை மடக்கினேன், பிறகு மணிக்கட்டை.
வெளிச்சப் புள்ளி விரிசலருகே நின்றது.
மறுபடி நீட்டி,
மணிக்கட்டை முதலில், முழங்கையைப் பின்னால்.
புள்ளி அதே விரிசலில்.

எது முன்னால் திரும்பியது என்பதல்ல கேள்வி.
எது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது.
தோள் அசைந்தால் எல்லாம் அசையும்;
மணிக்கட்டு அசைந்தால் தோளுக்குத் தெரியாது.
படிகத்துக்கு ஒட்டியவன் முதலில் பெருக்க வேண்டும்.
காகிதத்தில் இடமிருந்து வலம் எழுதுகிறோம்,
வினை வலமிருந்து இடம் நடக்கிறது:
ஒமேகா, கப்பா, ஃபை, பிறகு படிகம்.
நான் ஃபையில் தொடங்கி எழுதியிருந்தேன்.
அணிகளுக்கு இடம் மாறினால் விடை மாறும்,
கல்லூரி முதலாண்டுப் பாடம்.
கப்பாவை யாரும் தொடாத ஓராண்டு முழுக்க
என் தவறு சரியாகவே வேலை செய்தது.

ஒன்பது சதவீதம் நான்கானது.
இருட்டில், திரை வெளிச்சத்தில்
இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிச் சேமித்தேன்.

பத்தரைக்கு விளக்கு வந்தது.
முதல் ஓட்டம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
ஐந்தும் ஒரே முகம்.
ஆறாவது மட்டும் மூன்று பாகை விலகி நின்றது.
அணியை மறுபடி பார்த்தேன். சரி.
குறியைப் பார்த்தேன். சரி.

ஸ்பெலேலேயை அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.
தொடங்கி இரண்டு சொல் போகவில்லை, சிரித்தான்.
ஐந்தாவது முடிந்து தேநீருக்குப் போனபோது
மேசையில் இடுப்பை இடித்துக்கொண்டானாம்.
"அந்த ஒன்றை எனக்கே விட்டுவிடு" என்றான்.

விட்டுவிட்டேன்.
அறிக்கையில் ஆறாவதற்கு எதிரே
'படிகம் நகர்ந்தது' என்று எழுதியிருக்கிறது.
மற்ற ஐந்துக்கு எதிரே நகர்ந்தது யாரென்று
கேட்க அங்கே கட்டம் இல்லை.